நீர்மூழ்கிக் கப்பல் தாமதம்: பழி விழ வேண்டிய இடம் வேறு

நீர்மூழ்கிக் கப்பல் திட்டம் வருடக்கணக்கில் இழுக்கிறது, செலவு எகிறிவிட்டது என்று செய்தி வந்தால், பழி முதலில் விழுவது கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவர்கள் மேல்தான். வெல்டிங் ஆய்வு என் தொழில். இந்தப் பேச்சு எனக்கு உறுத்துகிறது. தாமதம் கண்ணில் படுவது தளத்தில், சரி. பெரும்பாலும் அது பிறப்பது முதல் தகடு வெட்டுவதற்கு முன்பே.

ஆழ்கடல் அழுத்தத்தைத் தாங்கும் ஓட்டில் ஒரே ஒரு இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வலிமை மிகுந்த எஃகு. முதலில் தகட்டைச் சூடேற்ற வேண்டும். அப்புறம் அடுக்கடுக்காக வெல்டிங். நடுவில் வெப்பம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முடித்த கையோடு சோதித்துவிட முடியாது. உள்ளே சிக்கிய ஹைட்ரஜனால் வரும் விரிசல், ஆறிப் பல மணி நேரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். காத்திருந்துதான் அல்ட்ராசோனிக் சோதனை, அதாவது ஒலி அலைகளை அனுப்பி உள்ளே இருக்கும் குறையைத் தேடுவது. குறை தெரிந்தால் அந்த இடத்தைத் தோண்டியெடுத்து, திரும்பவும் சூடேற்றுவதிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் காத்திருப்பையும் சோதனையையும் சுருக்கவே கூடாது. 1963-இல் அமெரிக்காவின் த்ரெஷர் நீர்மூழ்கிக் கப்பல் 129 பேரோடு மூழ்கியதற்கு, கடல்நீர்க் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போனதே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை.

ஒரு இணைப்புக்கே இந்தப் பாடு. அடிப்படையே தவறினால்? அமெரிக்காவின் சீவுல்ஃப் கப்பலுக்குப் புதிய ரக எஃகைத் தேர்ந்தெடுத்தார்கள். 1991-இல் வெல்டிங்கில் விரிசல்கள் தெரிந்தன, செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. ஸ்பெயினின் எஸ்-80 வகை நீர்மூழ்கிக் கப்பல்களின் கதை இன்னும் வேதனை. கட்டுமானம் வெகுதூரம் போன பிறகு, 2013-இல், எடை பல டன் கூடுதல் என்று தெரிந்தது. முங்கினால் மேலே வருவதே சந்தேகம். உடலைச் சுமார் 10 மீட்டர் நீட்டினார்கள். நீண்ட கப்பலுக்காக கார்த்தஹேனா கடற்படைத் தளத்தையும் பெரிதாக்க வேண்டி வந்தது. முதல் கப்பல் கடற்படையிடம் வந்தது 2023-இல். இதில் எந்த வெல்டரைக் குறை சொல்வது?

பிரிட்டனின் கதை வேறு. முந்தைய வகை நீர்மூழ்கிக் கப்பலுக்கும் அடுத்து வந்த அஸ்டியூட் வகைக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்ததில், அனுபவப்பட்ட வடிவமைப்பாளர்களும் தொழிலாளர்களும் கலைந்துபோனார்கள். 1997-இல் ஒப்பந்தம், நடுவில் அமெரிக்க நிறுவனத்தின் உதவி, முதல் கப்பல் 2010-இல்தான் சேவைக்கு வந்தது.

புதுத் திட்டம் அறிவிக்கும்போது ஒப்படைப்புத் தேதியை மட்டும் பார்க்காதீர்கள். தகடு வெட்டத் தொடங்கும் நாளில் வரைபடங்கள் எவ்வளவு முடிந்திருக்கும், போன கப்பலைக் கட்டியவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். திட்டம் பிந்தியதும் சோதனை நாட்களைச் சுருக்கினால், அதையும் விடாமல் கேளுங்கள்.