கேள்வி கேட்கும் பிள்ளைக்கு மாத்திரை எழுத மாட்டேன்

கடலூரில் மனநல மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் பெற்றோர் பலரிடம் நேரில் சொல்லிச் சலித்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். பிள்ளை கோயிலுக்கு வர மறுக்கிறான், வெள்ளிக்கிழமைத் தொழுகையை விட்டுவிட்டான், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவதில்லை என்ற காரணத்துக்காக மட்டும் அவனை மனநோயாளியாகக் கருதி என்னிடம் அழைத்து வராதீர்கள்.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவியை, பல் மருத்துவரிடம் போவதாகப் பொய் சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். அதற்கு முன்பே மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள், குறியும் கேட்டிருந்தார்கள். அவளுடைய உறக்கம், பசி, படிப்பு, தோழமை எதிலும் குறையில்லை. விரதம் இருக்க மாட்டேன் என்றதும், பூசையறையில் கைகூப்ப மறுத்ததும்தான் புகார். "சாமி நம்பிக்கை திரும்பி வருகிற மாதிரி ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்கள், டாக்டர்" என்றார் தந்தை. அப்படி ஒரு மாத்திரை கிடையாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தம் சமூகத்தில் நிலவும் ஒழுக்க மதிப்புகளோடோ சமய நம்பிக்கைகளோடோ ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் உண்டென்று தீர்மானிக்கக் கூடாது என 3-ஆம் பிரிவில் தெளிவாகவே சொல்கிறது. மனச்சான்றுச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 25-ஆவது உறுப்பு முன்பே உறுதி செய்திருக்கிறது.

எப்போது என்னிடம் வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல் ஒடுங்கி, வாழ்ந்து பயனில்லை என்று பிள்ளை சொன்னால் வாருங்கள். யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது என்றால் வாருங்கள். சாமியைப் பற்றித் தகாத எண்ணம் வந்துவிட்டதென்று அஞ்சி, மீண்டும் மீண்டும் குளித்தும் மன்னிப்புக் கேட்டும் ஓயாமல் தவித்தால் உடனே வாருங்கள்; பக்தி முற்றிவிட்டது என்று வீட்டார் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும் இந்த எண்ணச் சுழற்சி நோய் நல்ல சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியது.

என்னை மிகவும் வருத்துவது "சாமி பயம் போய்விட்டால் ஒழுக்கமும் போய்விடும்" என்ற நம்பிக்கைதான். படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்களான எலியட் டூரியலும் லாரி நுச்சியும், பழைமை பேணும் கிறித்தவ, யூதக் குடும்பங்களில் வளர்ந்த சிறுவர்களிடம் இதையே ஆராய்ந்தார்கள். ஓய்வு நாளில் வேலை செய்யலாகாது என்பது போன்ற விதியைக் கடவுள் விதிக்காமல் இருந்திருந்தால் அதை மீறுவது தவறாகாது என்று அந்தச் சிறுவர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள்; ஆனால் திருடும்படி கடவுளே கட்டளையிட்டாலும் திருட்டு சரியாகிவிடாது என்றார்கள், ஏனென்றால் அது இன்னொருவருக்குத் தீங்கு செய்கிறது. பக்தியுள்ள வீட்டுக் குழந்தைகளே வழிபாட்டு விதியையும் பிறரைத் துன்புறுத்தாமையையும் தனித்தனியாகப் பிரித்து அறிகிறார்கள் என்னும்போது, முன்னது தளர்ந்தால் பின்னதும் இடிந்து விழும் என்று நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

அந்த மாணவியின் கேள்வி தொடங்கிய இடத்தைப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டு, எல்லா உயிரும் இறைவனின் குழந்தை என்று சொல்வது எப்படிப் பொருந்தும் என்று அவள் கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை, அறை விழுந்தது. ஒழுக்கம் கெட்டதனால் பிறந்த கேள்வியா இது? நீங்கள் ஊட்டிய அன்பும் நியாயமும்தான் உங்களிடமே திரும்பி வந்து கேட்டிருக்கின்றன.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வளர்த்தால், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிள்ளை ஒருநாள் கண்டுகொள்ளும்போது, பொய் சொல்லாதிருக்க அவனுக்கு வேறு காரணம் எதையும் நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள். ஏமாந்தவருக்கு எப்படி வலிக்கும் என்பதைச் சிறுவயதிலேயே பேசுங்கள். பக்தி நிலைத்தாலும் நீங்கினாலும் அந்தப் பேச்சு அவனிடம் நிற்கும்.

வளர்ந்த நம்பிக்கையை விட்டு விலகுவது இந்த மண்ணுக்குப் புதிதும் அன்று. பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் சைவக் குடும்பத்தில் பிறந்த மருணீக்கியார், சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பெயர் பெற்றார். சூலை என்னும் கொடிய வயிற்று நோயால் துன்புற்றுத் திரும்பி வந்தபோது, திருவதிகையில் தொண்டு செய்துகொண்டிருந்த தமக்கை திலகவதியார் அவரை ஏற்றுத் திருநீறு அளித்தார் என்கிறது பெரியபுராணம். அந்த மருணீக்கியாரே அப்பர். வடலூரில் 1867-இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், முன்பு சைவ சமயத்தில் தமக்கிருந்த பற்று அளவிட முடியாதது என்றும் அதை விட்டுவிட்டதாகவும் 1873-இல் பேருபதேசம் எனப்படும் சொற்பொழிவில் தாமே கூறினார். பசித்தவருக்குச் சோறிடுவதையும் உயிரிரக்கத்தையும் அவர் விடவில்லை. புதுச்சேரியில் முருகன் துதி பாடிய பாரதிதாசன், பின்னர்க் கடவுள் மறுப்பாளரானார். ஒருவர் திரும்பி வந்தார், ஒருவர் சமயங்களைக் கடந்து சென்றார், ஒருவர் கடவுளையே விட்டார். உங்கள் பிள்ளை எங்கே போய் நிற்பாள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; திலகவதியாரைப் போல உறவை அறுக்காமல் இருப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இளையவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு விதியை மறுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எதைச் செய்வேன், எதைச் செய்யவே மாட்டேன், யாருக்காக என்று நீங்களே யோசித்து, அதன்படி நடந்து பார்க்க வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கலாம். பாட்டியின் விளக்கைக் கேலி செய்யாதீர்கள். அடியும் வெளியேற்றமும் நேரக்கூடிய வீட்டில் எல்லாவற்றையும் இன்றே அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் உங்கள் படிப்பையும் பாதுகாப்பையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மனம் தாங்காதபோது 14416 என்ற டெலி மனஸ் எண்ணை (அரசின் மனநல உதவித் தொலைபேசி) அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

பெற்றோரே, மந்திரவாதியிடம் இழுத்துப் போகாதீர்கள், பட்டினி போடாதீர்கள், கல்லூரியை நிறுத்தாதீர்கள். மனநோய் உள்ளவரைக்கூடச் சங்கிலியால் கட்டுவதை முன்பு சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. திருவிழாவுக்கு அழையுங்கள், வர மறுத்தால் விட்டுவிடுங்கள். அப்படியும் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும் என்றால், எங்கே போகிறோம் என்று பிள்ளையிடம் உண்மையைச் சொல்லி அழைத்து வாருங்கள். முதலில் அவளிடம் தனியாகத்தான் பேசுவேன். 18 வயது நிறைந்தவள் என்னிடம் சொன்னதை அவள் சம்மதமில்லாமல் உங்களிடம் சொல்ல மாட்டேன், அவள் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர.