யுபிஐ செயலி உங்கள் போனிலிருந்து ஏன் எஸ்எம்எஸ் அனுப்புகிறது?

புதுப் போனில் யுபிஐ செயலியைத் திறக்கிறீர்கள். எண்ணைச் சரிபார்ப்பதாகச் சொல்லி ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் முடியவில்லை என்கிறது. உடனே செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுபவர்களே அதிகம். பெரும்பாலும் பலன் இருக்காது. சிக்கல், சிம்மிலிருந்து போகவேண்டிய ஒரே ஒரு எஸ்எம்எஸ்ஸில்.

மற்ற செயலிகள் நமக்கு ஓடிபி அனுப்பும். இங்கே அனுப்ப வேண்டியது நம் போன். காரணம் இருக்கிறது. ஓடிபியை ஒருவரிடம் கேட்டு வாங்கி, எங்கோ இருக்கும் இன்னொரு போனில் தட்டிவிடலாம். வெளியே போகும் எஸ்எம்எஸ்ஸிலோ அனுப்புகிற எண்ணை நாம் எழுதுவதில்லை. சிம்மைப் பார்த்துத் தொலைபேசி நிறுவனமே பதிக்கிறது. செயலி ஒரு ரகசியக் குறியீட்டை அனுப்பும். அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று சர்வர் பார்த்து, அந்த எண்ணையும் இந்தப் போனையும் பிணைத்துவிடும். அதற்குப் பிறகுதான் அந்த எண்ணில் உள்ள வங்கிக் கணக்கைத் தேடும்.

ஆகவே முதலில் மெசேஜ் பெட்டியைத் திறந்து பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து, படித்தால் புரியாத ஒரு செய்தி, 'அனுப்பப்படவில்லை' என்ற குறிப்போடு கிடந்தால் பிடி கிடைத்துவிட்டது. ரீசார்ஜ் முடிந்திருக்கலாம். டேட்டா மட்டும் உள்ள பேக்காக இருக்கலாம். அப்போது மெயின் பேலன்ஸில் சில ரூபாயாவது வேண்டும். இரண்டு சிம் உள்ள போனில், வங்கியில் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்திருப்பது அடிக்கடி நடப்பது. பெட்டியில் அப்படியொரு செய்தியே இல்லை என்றால், செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு எஸ்எம்எஸ் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் செய்தி தானாகப் போகாது. திறக்கும் திரையில் அம்புக்குறியை நாமே தட்ட வேண்டும்; ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது.

சிம் தொலைந்து புதிது வாங்கியவர்கள் 24 மணி நேரம் பொறுக்கத்தான் வேண்டும். சிம்மை மாற்றி மோசடி செய்வதைத் தடுக்க, அந்த ஒரு நாள் எஸ்எம்எஸ் போகவும் போகாது, வரவும் வராது.

செய்தி போயும் கணக்கு தெரியவில்லையா? வங்கியில் இருப்பது உங்கள் பழைய எண்ணாக இருக்கலாம். அப்படியானால் பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் மாற்றுங்கள்.

யுபிஐ பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதி மாதமும் வருடமும் தேவை. சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும். கார்டு இல்லாதவர்கள் ஆதார் வழியாக அமைக்கலாம், ஆதாரிலும் வங்கியிலும் ஒரே எண் இருந்தால். புதுப் போனில் முதல் 24 மணி நேரம் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. அது கோளாறு அல்ல.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அப்படியொரு புரியாத செய்தியை யாராவது உங்களுக்கு அனுப்பி, 'இதை இந்த எண்ணுக்கு ஃபார்வர்டு செய்யுங்கள்' என்றால் செய்யவே செய்யாதீர்கள். செய்தால் உங்கள் எண் அவர் போனோடு பிணைந்துவிடும். பிறகு கார்டு விவரமும் ஓடிபியும் கிடைத்தால் பின்னை அவரே அமைத்துக்கொள்வார்.