தொப்பி நிழலுக்குள் ஒரு முகம்

அமெரிக்கக் கிராமிய மரபில் வந்த கன்ட்ரி இசைக் கச்சேரியைத் திறந்தவெளியில் படம் எடுப்பவரைப் பெரும்பாடு படுத்துவது பாடகரின் தொப்பிதான். கௌபாய் தொப்பியின் விளிம்பு வழக்கமாக 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. நீண்டிருக்கும். நாள் முழுக்க வெயிலில் மாடு மேய்த்தவர்களின் தொப்பி அது. முகத்தில் வெயில் விழாமல் காப்பதற்கென்றே வந்தது. மேடை ஏறிய பிறகும் அந்த வேலையை அது விடுவதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூரியன் பாடகருக்கு நேர் எதிரே 60 பாகை உயரத்தில் இருந்தால், 10 செ.மீ. விளிம்பின் நிழல் முகத்தில் 17 செ.மீ. கீழே இறங்கும். நெற்றியில் தொடங்கி மோவாய் வரை எல்லாம் இருட்டு. 45 பாகையில் நிழல் 10 செ.மீ.; மூக்கு வரை வரும். 20 பாகைக்குச் சூரியன் இறங்கிவிட்டால் மூன்றரை செ.மீ. சொச்சம்தான், நிழல் நெற்றியோடு நின்றுவிடும், கண்கள் தப்பிக்கும். கண் தெரியாத பாடகர் படத்தை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. அதனால் அன்றைய மாலையின் பாதி வேலை, வெளிச்சம் எந்தக் கோணத்தில் வருகிறது என்பதைக் கவனிப்பதுதான்.

கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு மேற்கே மாரிசன் ஊரை ஒட்டி ரெட் ராக்ஸ் அரங்கம் இருக்கிறது. 1941இல் திறந்தார்கள். இருபுறமும் சுமார் 300 அடி உயரச் செம்பாறைகள், நடுவே கிட்டத்தட்ட 9,500 பேர் உட்காரும் படிகள். ஜான் டென்வரும் வில்லி நெல்சனும் பாடிய இடம். இங்கே ரசிகர்கள் கிழக்குப் பார்த்து உட்காருகிறார்கள், பாடகர் மேற்குப் பார்த்துப் பாடுகிறார். அதாவது, சாயங்கால வெயில் நேரே அவர் முகத்தில் விழும். ஜூன் மாதத்தில் பிற்பகல் 2 மணிக்கு அங்கே சூரியன் 69 பாகை உயரத்தில் நிற்கும். மாலை ஆறரைக்கு 20 பாகைக்கு வந்துவிடும். மேடைக்கு மேலே உள்ள கூரையையும் தொப்பி விளிம்பையும் தாண்டி உள்ளே நுழையும் வெயில் அது.

ஆனால் நீடிக்காது. படிகள் மேற்கே உயர்ந்துகொண்டே போகின்றன, அதற்கும் பின்னால் மலை. பஞ்சாங்கத்தில் சூரியன் மறைய இன்னும் நேரம் இருக்கும்போதே மேடையில் நிழல் விழுந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே, பெரிய பாடகருக்கு முன்னால் பாட வருகிற சின்னக் குழுவுக்குப் போய்விடுங்கள் என்று சொல்வேன். அன்றைக்குக் கிடைக்கும் மிக நல்ல வெளிச்சம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

மேடையை விட்டு வெயில் போன பிறகு, பாறைகளின் மேல்பகுதியில் அது இன்னும் இருக்கும்போது, வேறொரு விளையாட்டு தொடங்கும். பாறையில் உள்ள இரும்பு ஆக்சைடு நீலத்தை உறிஞ்சிச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. வெயில் பட்ட பாறைப் பக்கம் இருக்கும் கன்னத்தில் செம்மை, வானத்தைப் பார்க்கும் தோளில் நீலம். நம் மூளை இரண்டையும் சமன்செய்து ஒரே தோல் நிறமாகக் காட்டிவிடும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும்படி நிறத்தைச் சரிசெய்கிற, கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலையால் அது முடியாது. எதையாவது ஒன்றை நம்பி, மற்றதைக் கெடுக்கும். வெள்ளைச் சமநிலையைக் கையால் ஒரு முறை அமைத்து அப்படியே விட்டுவிடுவது மேல்.

அப்புறம் மேடை விளக்குகள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/16 (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/100 நொடி போதும். இரவு மேடையில் ஐஎஸ்ஓ 3200, எஃப்/2.8, 1/250 நொடி என்று போக வேண்டியிருக்கும். கணக்குப் போட்டால், வெயிலை விட மேடை வெளிச்சம் சுமார் 400 மடங்கு குறைவு. ஷட்டரை மெதுவாக்கித் தப்பிக்கலாமா? பிடில் வில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போனால் 1/250 நொடியில் 4 மி.மீ. நகரும், 1/60இல் 17 மி.மீ. கை கரைந்துவிடும்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி வருகிறதே, அதைச் சென்சாரின், அதாவது கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லின் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி ஒளியின் சுபாவம். ஒளி துகள் துகளாக, மழைத்துளி மாதிரி, ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. தூறலில் இரண்டு கிண்ணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் துளி விழாது. பெருமழையில் வித்தியாசமே தெரியாது. சென்சாரின் ஒரு பிக்சலில், அதாவது ஒரு புள்ளியில், 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள்கள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, பத்து சதவீதம். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாலும் இந்த வர்க்கமூலக் கணக்கை மாற்ற முடியாது. கூடுதல் துகள்களை உள்ளே விடும் பெரிய வாய் லென்ஸுக்கு இவ்வளவு மரியாதை இருப்பது இதனால்தான்.

நிற விளக்குகள் இன்னொரு தலைவலி. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970களில் வகுத்த அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன: நான்கு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மேடை முழுக்க நீல எல்இடி வெளிச்சம் என்றால், வேலை செய்வது பெரும்பாலும் கால் பங்கு பிக்சல்கள். முகம் மொழுக்கென்று, விவரமே இல்லாமல் வரும். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புப் பிக்சல்கள் நிரம்பி வழியும். வெளிச்சத்தை அளக்கும் எக்ஸ்போஷர் மீட்டரோ பச்சையையே பெரிதும் நம்பி “இருட்டாக இருக்கிறது, இன்னும் வெளிச்சம் வேண்டும்” என்று சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது. ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் பாதி) குறைத்து, ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்இடியின் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு அதை நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை அணைத்து ஏற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. மின்னணு ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிப்பதால், விளக்கு அணைந்திருந்த நேரத்து வரிசைகள் கருப்புப் பட்டைகளாக வந்துவிடும். சட்டென்று ஓடி முடிக்கும் இயந்திர ஷட்டருக்கு மாறினால் தொல்லை குறையும். இதே வரிசைப் படிப்பால் ஓர் அழகும் உண்டு. நல்ல வெளிச்சத்தில் கிட்டாரைச் செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். நொடிக்கு 82 முறை அதிரும் தடித்த தந்தி, பாம்புபோல் நெளிந்து தெரியும்.

ஃபிளாஷ் வேண்டாம். 3 மீட்டரில் பளிச்சென்று இருக்கும் ஒளி 30 மீட்டரில் நூறில் ஒரு பங்காகிவிடும். முன்வரிசைக்காரர்களின் தலைமுடிதான் படத்தில் நன்றாகத் தெரியும்.

இரவிலும் தொப்பி விடுவதில்லை. மேடை விளக்குகள் தலைக்கு மேலே கம்பிச் சட்டத்தில் தொங்குகின்றன. பல நேரம் மதிய வெயிலின் அதே செங்குத்தான கோணம். ஆனால் படம் எடுப்பவர் நிற்பது மேடைக்குக் கீழே உள்ள குழியில். அங்கிருந்து அண்ணாந்து பார்க்கும்போது விளிம்புக்கு அடியில் பார்வை போகும். மங்கலாக இருந்தாலும் முகம் இருக்கும். பாடகர் அகூஸ்டிக் கிட்டார் வைத்திருந்தால் இன்னும் நல்லது. அதன் மேல்பலகை பெரும்பாலும் வெளிறிய ஸ்ப்ரூஸ் மரம்; மேலிருந்து விழும் வெளிச்சத்தைக் கொஞ்சம் மோவாய்ப் பக்கம் திருப்பி அனுப்பும். வெளிர் நிறச் சட்டையும் அப்படித்தான்.

பெரும்பாலான கச்சேரிகளில் முதல் மூன்று பாடல்களுக்குத்தான் குழியில் அனுமதி. சுமார் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் நான் காத்திருப்பது ஒன்றுக்குத்தான்: பாடகர் பாட்டு வரியின் கடைசிச் சொல்லை உச்சத்தில் இழுக்கும் தருணம். அப்போது மோவாய் தானாக மேலே ஏறும். தலை 25 பாகை பின்னால் சாய்ந்தால், 60 பாகையில் வந்த ஒளி முகத்துக்கு 35 பாகையில் வருவதுபோல் ஆகிவிடும். 17 செ.மீ. நிழல் 7 செ.மீட்டருக்குச் சுருங்கும். பாட்டு முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சொல் எப்போது வரும் என்றும் தெரியும். விரலை ஷட்டரில் பாதி அழுத்தி வைத்திருப்பேன். அவர் மூச்சை உள்ளே இழுப்பார், விளிம்பு மெல்ல மேலே போகும், இமைகளில் வெளிச்சம் விழும்.