பத்து எடைக்கற்களால் வெளிச்சத்தை நிறுப்பது

அறிவியல் கண்காட்சி ஒன்றில், மேசை விளக்கை ஏற்றினால் கணினித் திரையில் உள்ள இணையப்பக்கத்தில் தாமரை விரிவதையும், உணரியைக் கையால் மறைத்தால் அது கூம்புவதையும் கண்ட வாசகி ஒருவர், "இணையப்பக்கத்துக்குக் கண் ஏது? வெளிச்சம் குறைந்தது அதற்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

மேசைமேல் இருந்தவை சில பொருள்களே. காட்மியம் சல்பைடால் ஆன எல்டிஆர் என்னும் ஒளியுணர் மின்தடை, 10,000 ஓம் மின்தடை ஒன்று, யூஎஸ்பி கேபிள், பிறகு 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்பு பயிலும் மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகை. வெளிச்சம் கூடினால் எல்டிஆரின் தடை குறையும். இரண்டு தடைகளையும் தொடராக இணைத்து 5 வோல்ட் கொடுத்தால், அவை சந்திக்கும் புள்ளியின் மின்னழுத்தம் வெளிச்சத்தோடு ஏறி இறங்கும். பள்ளியில் படித்த ஓம் விதிதான் இது. எல்டிஆர் சுமார் 6,700 ஓமில் இருக்கும்போது அப்புள்ளியில் 3 வோல்ட் கிடைக்கும்.

இந்த 3 வோல்ட் ஓர் எண்ணாக மாறும் இடம்தான் என்னை எப்போதும் வியக்க வைப்பது. ஆர்டுயினோ உனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லு, மளிகைக் கடைக்காரர் தராசில் நிறுப்பதைப் போலவே மின்னழுத்தத்தை நிறுக்கிறது. முதலில் அந்த அழுத்தத்தை ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் பிடித்து வைத்துக்கொள்கிறது. நிறுத்து முடிவதற்குள் சரக்கின் எடை மாறிவிடக் கூடாதல்லவா? அதனிடம் 512, 256, 128 என்று பாதி பாதியாகக் குறைந்து 1 வரை வரும் பத்து எடைக்கற்கள் உண்டு. 5 வோல்ட்டை 1,024 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குதான் கடைசிக் கல்லின் எடை. 512-ஐ வைத்தால் 2.5 வோல்ட், 3-ஐ விடக் குறைவு, கல் தட்டிலேயே இருக்கட்டும். அதோடு 256 சேர்ந்தால் 3.75, மிகுதி, எடுத்துவிட வேண்டும். 128-ம் மிகுதி. 64-ம் 32-ம் நிற்கின்றன, 16-ம் 8-ம் இறங்குகின்றன, 4-ம் 2-ம் நிற்கின்றன, 1 இறங்குகிறது. தட்டில் எஞ்சிய கற்களைக் கூட்டினால் 614. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாத்தியங்களில் ஒன்றைப் பத்தே ஒப்பீடுகளில் கண்டுபிடிக்கும் இவ்வேலை முழுவதும், ஆர்டுயினோவின் வழக்கமான அமைப்பில், ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது.

கடையில் செய்து விற்கும் செயல்திட்டத்தை வாங்கி வந்து மதிப்பெண் பெறும் மாணவருக்கு இந்தத் தராசு கண்ணில் படாமலே போய்விடுகிறது என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஆய்வகப் பூட்டுக்குள் விலையுயர்ந்த கருவிகளை அடுக்குவதைவிட, ஒவ்வொரு மாணவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு பலகையும் நான்கு உணரிகளும் கொடுப்பதே கல்விக்கான பணத்தை நன்றாகச் செலவிடும் வழி என்று நம்புகிறேன்.

இனி 614 உலாவிக்குப் போக வேண்டும். அது 6, 1, 4 என மூன்று எழுத்துகளாக, பின்னால் வரி முடிவுக் குறியோடு, கேபிள் வழியே கிளம்புகிறது. 2021-இல் குரோம் உலாவியின் 89-ஆம் பதிப்போடு வந்த வெப் சீரியல் என்னும் வசதியால், இணையப்பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரலே அவ்வெழுத்துகளை நேரடியாகப் படிக்க முடியும். ஆனால் பயனர் ஒரு பொத்தானை அழுத்தி, எந்தக் கருவி என்று தாமே தேர்ந்தெடுத்தால்தான் கதவு திறக்கும். 0 என்றால் மொட்டு, 1,023 என்றால் முழு மலர் என்று கணக்கிட்டு, அந்நிரல் இதழ்களின் கோணத்தை மாற்றி வரைகிறது.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, நல்ல வெளிச்சத்திலேயே தாமரை இடையிடையே சட்டென்று கூம்பி மீண்டது. எல்டிஆரை மாற்றினேன், கம்பிகளை மாற்றினேன், பயனில்லை. வந்து சேர்ந்தவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் அச்சிட்டுப் பார்த்தபோதுதான், 614 சில வேளைகளில் 6 ஒரு துண்டாகவும் 14 இன்னொரு துண்டாகவும் வருவது தெரிந்தது. எழுத்துகளைச் சேர்த்து வைத்து, வரி முடிவுக் குறி வந்த பிறகே எண்ணாக மாற்றும்படி நிரலைத் திருத்தியதும், கை மறைக்கும்போது மட்டும் மலர் கூம்பியது.