செல்ஃப் எடுக்கவில்லையா? பட்டனை அழுத்திச் சத்தத்தைக் கேளுங்கள்

பைக்கில் ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, இண்டிகேட்டர் விட்டுவிட்டு மின்னுகிறது, செல்ஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் ஒரு "டிக்"கோடு எல்லாம் அடங்கிவிடுகிறது. உடனே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "லைட்டெல்லாம் நல்லா எரியுதே, அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கு, செல்ஃப் மோட்டார்தான் போயிருக்கும்." இந்த ஒரு வரியை நம்பித்தான் பல நல்ல மோட்டார்கள் வீணாகக் கழற்றப்படுகின்றன. லைட் எரிவதை வைத்து செல்ஃப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது, ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

35 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் எரிய ஏறத்தாழ 3 ஆம்பியர் வேண்டும். சிறிய பைக்கின் செல்ஃப் மோட்டாரே எஞ்சினைச் சுற்ற 40, 50 ஆம்பியர் இழுக்கும், பெரிய எஞ்சின்களில் 100-ஐத் தாண்டும். இப்போது பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய் அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே படாத அளவு அது. பல்பின் 3 ஆம்பியர் அதன் வழியாகப் போனால் இழப்பு 0.3 வோல்ட்தான், வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. அதே இடத்தில் 50 ஆம்பியர் போக வேண்டுமென்றால் 5 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். மோட்டாருக்கு மிஞ்சுவதை வைத்து எஞ்சினை அசைக்கக்கூட முடியாது. காணாமல்போன அந்த 5 வோல்ட்டும் சும்மா போவதில்லை, 250 வாட் வெப்பமாக அந்த இணைப்பிலேயே இறங்குகிறது. அதனால்தான் நாலைந்து தடவை செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டு டெர்மினலைத் தொட்டால் ஒரு பக்கம் மட்டும் சுடும். எந்தப் பக்கம் சுடுகிறதோ அங்கேதான் கோளாறு, இதற்கு மீட்டர்கூட வேண்டாம்.

சரி, பட்டனை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது? கைப்பிடியில் இருக்கும் அந்தச் சின்னப் பட்டனால் 50 ஆம்பியரைத் தாங்க முடியாது, அது உருகிவிடும். எனவே பட்டன் செய்வது ஒரு சின்ன வேலை: செல்ஃப் ரிலேயின் சுருளுக்குச் சில ஆம்பியர் மின்சாரத்தை மட்டும் அனுப்புகிறது. சுருள் காந்தமாகி ஒரு உலோகத் தண்டை இழுக்க, அதன் முனையில் உள்ள செம்புத் தகடு இரண்டு தடித்த போல்ட்டுகளை இணைக்கிறது. நாம் கேட்கும் "டிக்" அந்தத் தகடு போய் மோதும் சத்தம். அதற்குப் பிறகுதான் பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் பாய்கிறது. ஆக, இங்கே இரண்டு தனித்தனி சுற்றுகள் இருக்கின்றன, ஒன்று மெல்லிய வயர்களுடையது, இன்னொன்று தடித்த கேபிளுடையது. கோளாறு எந்தச் சுற்றில் என்பதைப் பெரும்பாலும் சத்தமே சொல்லிவிடும்.

பல்லி கத்துவது போல டிக்-டிக்-டிக் என்று வேகமாகக் கேட்டால் பேட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது அதன் டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ரிலே தகடு மூடியதும் மோட்டார் மொத்த மின்சாரத்தையும் இழுக்க, பேட்டரியின் வோல்ட்டேஜ் சட்டென்று 5, 6-க்கு விழுகிறது. அவ்வளவு குறைந்த வோல்ட்டேஜில் சுருளால் தண்டைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் விட்டுவிடுகிறது. தொடர்பு அறுந்ததும் பேட்டரிக்குப் பாரம் இல்லை, வோல்ட்டேஜ் மறுபடி 12-க்கு ஏறுகிறது, சுருள் மறுபடி இழுக்கிறது. இப்படியே நொடிக்குப் பல தடவை. ரிலே பாவம், அது சரியாகத்தான் வேலை செய்கிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ரிலேயை மாற்றுவதில் ஒரு பயனும் இல்லை.

ஒரே ஒரு அழுத்தமான "டிக்", அதன்பின் அமைதி என்றால் கதை வேறு. ரிலே மூடிவிட்டது, மூடியபடியே நிற்கவும் செய்கிறது, அப்படியென்றால் வோல்ட்டேஜ் ரொம்ப விழவில்லை. ஒன்று ரிலேக்குள் இருக்கும் செம்புத் தகடு கருகி, தொட்டும் மின்சாரத்தைக் கடத்தாமல் இருக்கிறது. அல்லது மோட்டாருக்குள் சுழலும் பகுதியை உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருக்கிறது. கேபிளிலோ எர்த்திலோ பிடிப்பு இல்லாமலும் இருக்கலாம்.

சத்தமே வரவில்லை என்றால் தடித்த கேபிள் பக்கம் போகவே வேண்டாம், மெல்லிய வயர் பக்கத்தில்தான் தேட வேண்டும். ஃபியூஸ், கில் ஸ்விட்ச் (கைப்பிடியில் எஞ்சினை அணைக்கும் ஸ்விட்ச், யாரோ விளையாட்டாகத் தட்டிவிட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள்), சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், கிளட்ச் லிவருக்கு அடியில் இருக்கும் குட்டி ஸ்விட்ச். பல பைக்குகளில் நியூட்ரலில் இருந்தாலோ கிளட்சைப் பிடித்தாலோதான் ரிலேக்கு வழி திறக்கும், ஸ்கூட்டர்களில் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். நியூட்ரலில் எடுக்கிறது, கியரில் கிளட்ச் பிடித்தால் எடுக்கவில்லை என்றால் கிளட்ச் ஸ்விட்சில்தான் முதல் சந்தேகம். அந்த ஸ்விட்சுக்குள் தண்ணீரும் மண்ணும் புகுந்து செத்துப்போவது சர்வசாதாரணம்.

இனி மீட்டரை எடுக்கலாம். அரை மணி நேரமாவது சும்மா இருந்த நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி சார்ஜ், 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு பேட்டரிக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். பல வாரம் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியான படிகமாக உறைந்துவிடும். வேதிவினை நடக்க வேண்டிய பரப்பு குறைந்து உள்தடை ஏறிவிடும். அப்படிப்பட்ட பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், பட்டனை அழுத்திய நொடியில் 6-க்குப் போய் விழும். எனவே இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்துக்கொண்டே செல்ஃப் அடித்துப் பாருங்கள். 9.6-க்குக் கீழே போனால் முதலில் முழுதாக சார்ஜ் போடுங்கள். அதற்கப்புறமும் அதேபோல விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு: எஞ்சின் மெதுவாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது, ஏனென்றால் அந்த வீழ்ச்சியில் பெட்ரோல் பம்பும் கட்டுப்பாட்டுக் கணினியும் சோர்ந்துவிடுகின்றன.

பேட்டரி நன்றாக இருந்தும் எடுக்கவில்லையா? இப்போது செய்ய வேண்டிய சோதனைதான் எனக்குப் பிடித்தது, பலரும் செய்யாமல் விடுவதும் இதுவே. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் முனையிலேயே, அதாவது போல்ட்டில் இல்லாமல் ஈயத்தில் குத்துங்கள், மறு முனையை மோட்டாரில் கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வையுங்கள். இரண்டுமே பிளஸ் பக்கம்தானே, மீட்டர் என்ன காட்டப்போகிறது என்று தோன்றும். வண்டியை நியூட்ரலில் வைத்து, இரண்டு நொடி பட்டனை அழுத்துங்கள். வழி சுத்தமாக இருந்தால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். 2, 3 என்று காட்டினால் அவ்வளவு வோல்ட்டும் வழியிலேயே தொலைகிறது என்று பொருள். பிறகு முனைகளை நெருக்கிக்கொண்டே வர வேண்டியதுதான், முதலில் ரிலேயின் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில், அப்புறம் கேபிளின் இரண்டு நுனிகளுக்கு நடுவில். எண் எங்கே பெரிதாக வருகிறதோ அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், ரிலே என்றால் மாற்றுங்கள். மைனஸ் பக்கமும் இதேதான்: பேட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் நடுவில். எர்த் கேபிளை ஃபிரேமில் முடுக்கும் இடத்தில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் இங்கே அம்பலமாகிவிடும்.

மோட்டாரின் போல்ட்டுக்கும் மோட்டார் உடலுக்கும் நடுவில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் அது சுற்றவில்லை என்றால், அப்போது தாராளமாக மோட்டாரைச் சந்தேகப்படலாம். அதற்கு முன் இல்லை. மோட்டாரின் உடலில் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் சுற்றத் தொடங்குகிறதா? தேய்ந்துபோன பிரஷ், அது உரச வேண்டிய செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரைச் சரியாகத் தொடவில்லை, தட்டும் அதிர்வில் ஒரு தடவை தொட்டுக்கொள்கிறது. வீடு வந்து சேர அது உதவும், பிரஷ் செட்டை மாற்றியே ஆக வேண்டும். திறந்தால் உள்ளே கரும்பொடி அப்பிக் கிடக்கும், கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களிலும் அது ஏறியிருக்கும், அதையும் எடுத்துவிட வேண்டும்.

ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் குறுக்கே தொட்டு மோட்டாரைச் சுற்றவைக்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. அது பாதுகாப்பு ஸ்விட்சுகள் அனைத்தையும் தாண்டிவிடும், வண்டி கியரில் இருந்தால் ஆளை இழுத்துக்கொண்டு பாயும், போதாததற்குத் தீப்பொறி வேறு பறக்கும். பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடக்கூடியது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வித்தை தேவையே இல்லை, மீட்டர் சோதனையே போதும்.

பேட்டரிதான் பலவீனமான கண்ணி என்பது புதிய செய்தியும் இல்லை. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் காரில் வந்தது, இரண்டே ஆண்டுகளில், 1914-இல், அமெரிக்காவின் "இந்தியன்" என்ற பெயர் கொண்ட நிறுவனம் ஹெண்டி ஸ்பெஷல் என்ற மோட்டார்சைக்கிளில் செல்ஃபைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து பேட்டரிகள் தாக்குப்பிடிக்காமல் வண்டியே சீக்கிரம் சந்தையிலிருந்து போய்விட்டது. ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிகளுக்கு செல்ஃப் வர 1965 வரை ஆனது.

பட்டனை 5 நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள் என்று கையேடுகளில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. சுற்றும் மோட்டார் தானே எதிர் வோல்ட்டேஜை உண்டாக்கி மின்சாரத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். நின்றுபோன மோட்டாருக்கு அந்தத் தடுப்பு கிடையாது, எல்லாவற்றையும் இழுத்து வெப்பமாக்கிவிடும். சுற்றவில்லை என்று இன்னும் அழுத்திப் பிடிப்பது அதைப் பொசுக்கும் வேலை.

மோட்டார் "விர்ர்" என்று சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் அசையவில்லை என்றால் மின்சாரத்தில் தேட வேண்டாம். மோட்டாரையும் எஞ்சினையும் ஒரு பக்கமாக மட்டும் கோத்துவிடும் ஒன்-வே கிளட்ச் வழுக்குகிறது, எஞ்சின் மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

புது பேட்டரி போட்டும் பத்து நாளில் டவுன் ஆகிறது என்றால் இரண்டு கேள்விகள். எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வருகிறதா? வரவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. வருகிறது என்றால் சாவி அணைத்த பிறகும் எங்கோ கசிகிறது. வெறும் 20 மில்லி ஆம்பியர் கசிந்தால்கூட ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி, 5 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பத்து நாளில் காலி செய்துவிடும். பிற்பாடு மாட்டிய அலாரம், ஜிபிஎஸ், மொபைல் சார்ஜர் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து, ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்த வரிசையில்தான் கசிவு. மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள், 10 ஆம்பியர் மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.