ஆர்க்கிட் தொட்டியில் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர்

தை, மாசி வந்தால் என் நர்சரிக்குத் துணிப்பையும் கையுமாக ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பைக்குள் ஓர் ஆர்க்கிட் இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கோ புத்தாண்டுக்கோ யாரோ பரிசாகக் கொடுத்தது. வீட்டுக்கு வந்தபோது வளைந்த தண்டில் எட்டுப் பத்துப் பூக்கள் இருந்திருக்கும். இப்போது மிஞ்சியது சுருங்கிப்போன இரண்டு இலைகள்தான்.

போன மாதம் அப்படி வந்த அம்மா ஒருவர், "காலையில எந்திரிச்சதும் இதுக்கு ஒரு டம்ளர் தண்ணி ஊத்திட்டுத்தான் சார் காபியே போடுவேன். ஒரு நாள்கூட விட்டதில்ல" என்றார். செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தேன். வேரெல்லாம் காபி நிறம். விரலால் அழுத்தினால் தோல் கழன்று, நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் கையில் நின்றது. அந்த டம்ளர்தான் காரணம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை. "தண்ணி கொஞ்சம் ஜாஸ்திம்மா" என்றேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வேர் அழுகினால் செடியால் தண்ணீரை இழுக்க முடியாது. இலை வாடிச் சுருங்கும். வாடின இலையைப் பார்க்கிறவர் இன்னும் ஒரு டம்ளர் ஊற்றுவார். சென்னையில் நான் பார்க்கும் வீடுகளில் ஆர்க்கிட், அந்தூரியம், பீஸ் லில்லி மூன்றும் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. காய்ந்து செத்த செடி அபூர்வம்.

கடையில் பரிசுக்கென்று விற்பது பெரும்பாலும் பெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்துக் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் இனம். மரத்தை உறிஞ்சிப் பிழைக்கும் புல்லுருவி அல்ல. நிற்க ஓர் இடம் கிடைத்தால் போதும். மழை வந்தால் நனையும், காற்றடித்தால் சீக்கிரமே காயும். அதன் வேரைச் சுற்றிப் பஞ்சு போல ஓர் உறை இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது உறிஞ்சிக்கொண்டு பச்சையாகும், காய்ந்தால் வெள்ளி நிறத்துக்குத் திரும்பும். அந்தச் செடியைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துத் தருவது, வேரின் நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் விடலாம் என்பதற்காகவும்தான். நம் ஆட்கள் அதை அழகில்லை என்று ஓட்டையில்லாத பீங்கான் சாடிக்குள் இறக்கிவிடுகிறார்கள். அடியில் தேங்கும் தண்ணீர் யார் கண்ணுக்கும் படாது.

நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். வேர் முழுக்க வெள்ளியாகும் வரை தொடவே வேண்டாம். அப்புறம் தொட்டியைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் ஒரு நிமிஷம் நன்றாக நனைத்து, சொட்டுவது நின்ற பிறகு இடத்தில் வையுங்கள். சென்னையில் சாதாரண நாளில் ஐந்தாறு நாளுக்கு ஒரு தடவை, கத்திரி வெயிலில் மூன்று நாள், ஐப்பசி கார்த்திகை மழையில் பத்து நாள்கூட ஆகலாம். நாட்காட்டியை நம்பாதீர்கள், வேரைப் பாருங்கள். குருத்தில் தண்ணீர் நின்றால் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தொட்டிக்குள் மண்ணே கூடாது. தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு கலந்து நிரப்பினால் போதும். வாங்கும்போது வேரைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கும் பாசியைப் பூ உதிர்ந்ததும் பிரித்துவிடுவது நல்லது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காயவே காயாது.

அந்தூரியத்துக்கும் காற்றோட்டமான கலவைதான் வேண்டும். தோட்டக்கலை படித்துவிட்டு வந்த நானே தொழிலுக்கு வந்த புதிதில் செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு நாற்பது அந்தூரியம் வைத்தேன். ஒரே மழைக்காலத்தில் அத்தனையும் போச்சு. கொலம்பியா, ஈக்வடார் மழைக்காட்டில் உதிர்ந்த இலைக்குப்பையிலும் மரத்திலும் வேர் ஓடிய செடிக்கு நம் செம்மண் சிமென்ட் மாதிரி. இப்போது கலவையில் பாதிதான் கோகோ பீட் என்ற தேங்காய் நார்த்தூள், மீதிக்கு மட்டைத் துண்டும் கரியும் சேர்க்கிறேன். கோகோ பீட்டை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிய வேண்டும், அதில் உப்பு இருக்கும்.

உப்பு என்றதும் இன்னொன்று. ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் வீடுகள் நிறைய. நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டியில் பிரிந்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. போர்வெல் உள்ள வீடுகளில் அது, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் என் டி.டி.எஸ். மீட்டரில் 1800 காட்டியதும் உண்டு. அந்தூரியத்தின் இலை நுனி கருகினால் முதலில் இதைத்தான் விசாரிப்பேன். வாசல் கழுவவும் கழிவறைக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இருக்காது, ஆர்க்கிட்டுக்குத் தாராளமாக விடலாம்.

"சரி, செடி பிழைச்சுது, பூ ஏன் வரல?" என்பது அடுத்த கேள்வி. இங்கே தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பீஸ் லில்லி விற்பனைக்கு வரும்போது பூத்து நிற்க வேண்டும் என்பதற்காக, வளர்க்கும் இடத்தில் ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பது வணிக உலகில் வழக்கம். தெளித்த மூன்று மாதத்துக்குள் பூ வந்துவிடும். உங்கள் வீட்டுக்கு வந்த முதல் பூ அந்தத் தெளிப்பின் பூவாக இருக்கலாம். அடுத்தது செடி தானாகப் போட வேண்டியது, அதற்கு வெளிச்சம் வேண்டும். பெலனாப்சிஸ் கதை வேறு. சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ச்சி கிடைத்தால்தான் அது பூந்தண்டு விடும். அதனால் குளிரூட்டிய கூடத்தில் வைத்துப் பூக்க வைக்கிறார்கள். சென்னையில் மார்கழி, தை இரவுகளை விட்டால் அந்தக் குளிர்ச்சி ஏது? ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் தைரியமாக வாங்கலாம். நம் வெக்கைக்கு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் எவ்வளவோ மேல்.

வெளிச்சத்தில் நம் கண் நம்மை ஏமாற்றும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஹாலில் டி.வி. பக்கத்தில் 200 இருந்தால் அதிகம், ஆனால் கண்ணுக்குப் பளிச்சென்றுதான் தெரியும். போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள், அதிர்ந்துபோவீர்கள். கிழக்கு ஜன்னலை ஒட்டி வைப்பதுதான் எளிய வழி. காலை வெயில் படலாம், மதிய வெயில் ஆகாது.

குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தூரியம், பீஸ் லில்லி, டைஃபன்பேக்கியா எல்லாம் நம் சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பம். புளி விடாமல் சமைத்த கருணை தொண்டையை என்ன செய்யும் என்று தெரியும்தானே? அதே ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இந்த இலைகளிலும் உண்டு. தவழும் குழந்தை இலையைக் கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரால் கழுவி, கொஞ்சம் பால் கொடுக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாக்கோ உதடோ வீங்கினாலும், மூச்சு விடவோ விழுங்கவோ சிரமப்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனை. பூனை வளர்ப்பவர்கள் பூங்கொத்தில் வரும் நிஜ லில்லியை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். பீஸ் லில்லி பெயரில் மட்டும்தான் லில்லி, அந்த அளவு ஆபத்து அதில் இல்லை.

தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டைத்தான் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும், முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும், எனவே வாராவாரம் தேய்த்துக் கழுவுங்கள். குஸ்மேனியா வகைச் செடியின் இலைக்குழியில் நிற்கும் தண்ணீரையும் கவிழ்த்து மாற்ற வேண்டும். (குஸ்மேனியா ஒரே ஒரு தடவை பூத்துவிட்டுச் சாகும். நீங்கள் ஒன்றும் தப்பு செய்யவில்லை, பக்கக் கன்றை எடுத்து வையுங்கள்.)

காற்றைச் சுத்தப்படுத்தும் என்று சொல்லி விற்பதைப் பற்றியும் ஒரு வரி. 1989இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து பரவிய நம்பிக்கை அது. 2019இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டதில், ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று வந்தது. பூவுக்காக வாங்குங்கள், போதும்.

அந்த அம்மாவின் ஆர்க்கிட்டில் நல்ல வேர் மூன்றுதான் தேறியது. அழுகியதை வெட்டிவிட்டு, கரியிலும் மட்டையிலும் வைத்துக் கட்டி, "அடுத்த வாரம் வரைக்கும் தண்ணி வேண்டாம்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ காலையில நான் எதுக்குத்தான் சார் ஊத்துறது?"

பால்கனியில் வெயில் வருமா என்று கேட்டேன். நன்றாக வரும் என்றார். ஒரு செம்பருத்திக் கன்றைப் பையில் போட்டுக் கொடுத்தேன். அதற்கு ஒரு டம்ளர் போதாது.