மேல் நம்பர், கீழ் நம்பர்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் என் சித்தப்பாவுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு இப்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். மீன்காரர் 23 வெள்ளி 40 காசு என்பார். சித்தப்பா ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டிவிட்டு மீதியை மனக்கணக்குப் போடுவார். முன்பெல்லாம் நோட்டு கைமாறும் முன்பே சொல்லிவிடுவார். இப்போதும் 26 வெள்ளி 60 என்று சரியாகத்தான் சொல்கிறார், ஆனால் நேரம் பிடிக்கிறது. "மறதி வந்துடுச்சு" என்கிறார் சித்தி. எதையும் மறந்தால்தானே மறதி?

அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பிரஷர் அட்டை ஒட்டியிருக்கிறது. கடைசி வரி: 158/66. "மேல் நம்பர்தான் கொஞ்சம் கூட. கீழ் நம்பர் சின்னப் பையன் மாதிரி இருக்கு பாரு!" என்று சித்தப்பாவுக்கு ஒரே பெருமை. எனக்குக் கவலையே அந்தக் கீழ் நம்பரில்தான்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி இளமையில் ரப்பர் குழாய் மாதிரி. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது விரிந்து கொஞ்சம் பிடித்துவைக்கும். இதயம் ஓயும் நொடியில் சுருங்கி அதை முன்னே அனுப்பும். அதனால்தான் விட்டுவிட்டு அடிக்கும் இதயத்திலிருந்து ரத்தம் ஓரளவு சீராக ஓடுகிறது. இந்த மீள்தன்மையைத் தரும் எலாஸ்டின் நார்களை உடல் பெரும்பாலும் சிறு வயதிலேயே செய்து முடித்துவிடுகிறது. பிறகு நாளுக்குச் சுமார் 1,00,000 துடிப்பு வீதம் தேய்மானம்தான். குழாய் விறைத்ததும் மேல் எண் ஏறுகிறது, பிடித்துவைக்க ஆளில்லாததால் கீழ் எண் இறங்குகிறது. சித்தப்பாவுக்கு இடைவெளி 92. நாற்பதையொட்டி இருந்தால் நிம்மதி.

விறைத்த குழாய் தணிக்காமல் விடும் துடிப்பின் அடி மூளைக்கு ஏன் போகிறது? பல உறுப்புகள் வாசலிலேயே ரத்தத்தை நெருக்கித்தான் உள்ளே விடும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த வசதி குறைவு. நிறைய ரத்தம் வேண்டுமென்பதால் கதவு அகலத் திறந்தே இருக்கிறது. உடல் எடையில் 2 விழுக்காடுதான் மூளை, ஆனால் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை அதுவே தின்கிறது. சேமிப்பும் கிடையாது. ரத்தம் முழுதாக நின்றால் பத்து நொடிக்குள் மயக்கம். அப்படித் திறந்த வாசல் வழியாக ஒவ்வொரு துடிப்பின் அதிர்ச்சியும் நுண்குழாய்வரை போகிறது. நீரிழிவுக்காரர்களின் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கிறார்களே, அது சிறுநீரகம் போலவே வாசல் திறந்திருக்கும் மூளையின் குழாய்களைப் பற்றியும் ஏதோ சொல்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அடிவாங்கிய நுண்தமனிகளின் சுவர் தடித்து உள்வழி குறுகும். மூளையின் ஆழத்தில், நரம்பணுக்களை இணைக்கும் கம்பிகள் ஓடும் வெண்பகுதிக்குப் போகும் தமனிகள் நீளமானவை, மெல்லியவை. அடைத்தால் மாற்றுவழி இல்லை. 3 முதல் 15 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னக் குழி விழும், பல நேரம் ஆளுக்கே தெரியாமல். எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். கம்பி பழுதானால் செய்தி தாமதமாகிறது: கணக்கு, திட்டமிடுதல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல், சிலருக்கு நடைகூட. அல்சைமரில் பெரும்பாலும் நினைவு முதலில் போகும். முதுமையில் இரண்டும் கலந்தே வருவதும் சகஜம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூளையின் ஒரு பகுதி வேலையில் இறங்கியதும் அங்குள்ள குழாய்கள் ஓரிரு நொடிகளில் விரிந்து கூடுதல் ரத்தம் கொடுக்க வேண்டும். ராய், ஷெரிங்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1890-லேயே எழுதிய விஷயம் இது. விறைத்த குழாய் இந்த அழைப்புக்கு மந்தமாகத்தான் அசைகிறது.

2019-இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில் 50 வயது தாண்டிய 9,000-க்கும் அதிகமானோர் இருந்தார்கள். மேல் எண்ணை 140-க்குக் கீழே வைக்க முயன்றவர்களைவிட, 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு சுமார் 19 விழுக்காடு குறைந்தது. முதுமைமறதி நோய் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாகக் கூட்டிவிடக் கூடாது. பல வருடம் உயர் அழுத்தத்தில் பழகிய மூளைக்குத் திடீர் சரிவு ஆகாது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அட்டையில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, மேலிருந்து கீழைக் கழித்து எழுதச் சொன்னேன். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது அதையும் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நேற்று எழுதியிருந்தது 84. கால்குலேட்டரைத் தொடவே இல்லையாம்.